கரும்புத் தொட்டிலும் பிளாஸ்டிக் விரிப்பும்

1

வாசலில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே இரண்டு கரும்புகள் சாய்ந்து நிற்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் துணியில் தொட்டில் கட்டி என் மகளைச் சுமந்த கரும்புகள். அம்மனுக்குச் செய்ததைக் குப்பையில் போடக் கூடாதாம். வெட்டித் தின்னவும் வீட்டில் யாருக்கும் பல் தயாராக இல்லை. எறும்பு வருகிறது. நான்தான் தினமும் அவற்றைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் கோடு போடுகிறேன்.

ஊரிலிருந்து இங்கே சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் திரும்பிப் போய் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். கடல் கடந்தும் நம் பண்பாட்டைக் கட்டிக் காக்கிறார்கள், நாம்தான் மறந்துவிட்டோம் என்று. கோயில் படிக்கட்டில் நின்று படம் எடுத்து, வாழை இலையில் சாப்பிட்டு, விமானம் ஏறியவர்கள் எழுதுவது அது. பண்பாடு காக்கப்படுகிற வீட்டுக்குள் அவர்கள் ஒரு வாரம்கூட இருந்ததில்லை. நான் நான்கு வருடமாக இருக்கிறேன். மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கத்தில் புக்கிட் பெலிம்பிங்கில், மருமகளாக. பாராட்டி எழுதுகிறவர்கள் இதையும் கொஞ்சம் வாசிக்கட்டும்.

2

நான் திண்டுக்கல்காரி. கருவியியல் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் கூடமொன்றில் வேலை பார்த்தேன். தராசு, வெப்பமானி, அழுத்தமானி, இவற்றில் எது எவ்வளவு பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. இங்கே ஒரு செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில், ஆலையின் ஆய்வுக்கூடத்தில் ஏறக்குறைய அதே வேலை. மனைவி விசாவில் வேலை செய்யும் அனுமதி வாங்குவதற்குள் பாதி ஆயுள் போனது. ஒவ்வொரு முறையும் விசா அலுவலக முகப்பில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, பிள்ளைகள் உண்டா என்பது. இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு மலாயில் முதலில் சரளமானது அந்த ஒரு சொல்தான்.

அதே கேள்வியை வீட்டில் தமிழில் கேட்டார்கள். கல்யாணமாகி மூன்று வருடம் பிள்ளையில்லை. என் கணவர் குமரன் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மாமனார் ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து வெகுகாலமாயிற்று. செம்பனைக்கு நடுவே மாரியம்மன் கோயில் மட்டும் மிச்சம். ஆடித் திருவிழாவுக்கு ரவாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் சபாக்கிலிருந்தும் பழைய குடும்பங்கள் வந்து சேரும். மாமனார் கரகம் எடுப்பார். பின்னால் வருகிறவர்கள் தீ மிதிப்பார்கள்.

பிள்ளை வேண்டி, போன வருடம் குமரன் தீ மிதிப்பதாக நேர்ந்துகொண்டார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நேர்ந்த பிறகு தகவல் சொன்னார்கள்.

கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்பு நான் கருவுற்றிருப்பது தெரிந்தது. என் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, இங்கே எல்லோர் பேச்சிலும் வால்போல ஒட்டும் ‘லா’வோடு சொன்னார். "நேந்துக்கிட்டதுமே குடுத்துட்டா பாத்தியாம்மா! கேட்டது லேட்டு லா, குடுத்தது லேட்டு இல்ல."

அந்த வாரம் முழுக்க என்னைத் துடைப்பத்தைத் தொட விடவில்லை. நானும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமனாருக்கும் குமரனுக்கும் காப்பு கட்டினார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அதைக் கட்டிக்கொண்டவர் தீ மிதித்து முடித்து, மஞ்சள் நீராட்டு ஆன பிறகுதான் அவிழ்க்க முடியும். அதுவரை கறி மீன் கிடையாது. பாயில் தனியே படுக்க வேண்டும். சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. மாதவிலக்கான பெண் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது.

கடைசி விதி எனக்கு அப்போது பொருட்டாகப் படவில்லை. அந்த மாதம்தான் எனக்கு அது இல்லையே.

3

செவ்வாய்க்கிழமை ஆலையில், மதிய இடைவேளையில், கழிவறையில் பார்த்தேன்.

பயந்தால் நான் விவரம் எடுப்பேன். அது என் பழக்கம். நிறம், டீத்தூள் பழுப்பு. அளவு, ஒரு சின்னக் காசு அகலம்கூட இல்லை. வலி இல்லை. காய்ச்சல் இல்லை. இவ்வளவையும் மனதில் இரண்டு முறை சொல்லிக்கொண்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே பழக்குலைகளை இறக்கும் லோரி பின்வாங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நேராகப் பட்டணத்தில் உள்ள தனியார் கிளினிக்குக்குப் போனேன். மலாய்க்காரப் பெண் டாக்டர், என் வயதுதான் இருக்கும். ஸ்கேனில் கருப்பை, உள்ளே ஒரு சிறு பை, அவ்வளவுதான் தெரிந்தது. துடிப்பு தெரிய இன்னும் நாளாகும் என்றார். ஆரம்ப மாதங்களில் லேசாக ரத்தம் படுவது நிறையப் பேருக்கு நடப்பதுதான், அவர்களில் பலருக்கும் பிள்ளை நல்லபடியாகவே பிறக்கிறது, ஆனால் இப்போதே உறுதி சொல்ல முடியாது என்றார். பத்து நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார். ரத்தம் அதிகமானாலோ, வயிற்றிலோ தோளிலோ வலி வந்தாலோ, மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். படுத்தே கிடக்க வேண்டியதில்லை. இது நான் செய்த எதனாலும் வந்ததில்லை. கடைசி வரியை அவர் இரண்டு முறை சொன்னார். இந்தப் பக்கத்துப் பெண்கள் அந்த ஒன்றைத்தான் நம்புவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். வயிற்றுப் பிள்ளைக்கு ஏதோ என்றால் முதலில் அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"லேசா ரத்தம் படுது அத்தை."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாமி அறைக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு இரண்டடி பின்னால் போனார்.

4

பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா வரவழைக்கப்பட்டார். கோயில் விஷயங்களில் அத்தை அவரைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை. இருவரும் வரவேற்பறையில் உட்கார்ந்தார்கள். ஒரு நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்தி, என்னை அதில் உட்காரச் சொன்னார்கள்.

"பிள்ளைத்தாச்சிக்குத் தீட்டு ஏது?" என்றார் ராஜம்மா அக்கா. "பிள்ளைத்தாச்சி இருக்குற வீடு அம்மனுக்கே குளிர்ச்சி லா."

"ரத்தம் பட்டுருச்சே?" என்றார் அத்தை.

"கொஞ்சந்தானேங்குறா."

"ரத்தம்னா ரத்தந்தான் லா. கொஞ்சம் என்னா, கூட என்னா?"

"ஒருவேளை பிள்ளையே இல்லியோ? நாளு தள்ளிப் போயிருக்கும், இவ அவசரப்பட்டுச் சொல்லிட்டா" என்றார் ராஜம்மா அக்கா.

"கிளினிக்குல பாத்தாங்களாமே."

"என்னமோ பை தெரியுதுன்னாங்களாம். பையி எல்லாருக்கும் இருக்கும்."

பிறகு காரணம் தேடினார்கள். ஆலையின் இரும்புப் படிகள். நான் அன்னாசி தின்றேனா. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வாசலில் நின்றேனா. ஆய்வுக்கூடத்தில் பழுதான கருவியைப் பிரித்துப் போட்டு இப்படித்தான் பேசுவோம். கருவி எழுந்து பதில் சொல்லும் என்று நாங்களும் எதிர்பார்த்ததில்லை.

மாமனார் உள்ளே வரவில்லை. வெளியே கார் நிறுத்தும் இடத்தில் நின்றபடி, என் பெயரைச் சொல்லாமல், சுவரைப் பார்த்துச் சொன்னார். "இங்க இருந்தா கரகம் தாங்காது. சபாக்குக்கு அனுப்பிடுங்க."

சபாக்கில் குமரனின் அக்கா மல்லிகா இருக்கிறார். காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

"பத்து நாள்ல இங்க ஸ்கேன் இருக்கு அத்தை. ஏதாவது ஆச்சுன்னா ஆஸ்பத்திரியும் இங்கதான் பக்கம். வேலைக்கே போகலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"அந்த டாக்டரு காப்பா கட்டியிருக்கு?" என்றார் அத்தை.

ராஜம்மா அக்கா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. அவருக்கு அது நகைச்சுவை இல்லை.

குமரன் வேலை முடிந்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். மணிக்கட்டுக் கயிற்றைத் திருகிக்கொண்டே நின்றார். "கொஞ்ச நாளுதானே லா. அப்பா மொகத்துக்காவ."

இங்கே ஒன்றைத் தெளிவாக எழுத வேண்டும். அந்தக் கயிறு பிள்ளைக்காகக் கட்டியது. பிள்ளைக்கு ஆபத்து என்றதும் கயிறு ஜெயித்தது. இதைக் கவனித்தது அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

5

கோயில் அன்னதானத்தில் மேசைமேல் விரிக்கிற பிளாஸ்டிக் சுருள் எங்கள் வீட்டில்தான் இருக்கும். அதிலிருந்து ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு அத்தை வெட்டிக் கொடுத்தார். குமரன் அதைக் காரின் பின் இருக்கையில் விரித்தார். நான் அதன் மேல் உட்கார்ந்தேன்.

தஞ்சோங் காராங், செக்கிஞ்சான், சுங்கை புசார் என்று சாலை போகும். செக்கிஞ்சானில் வயல் பச்சையாக இருந்தது. சுற்றுலா வந்தவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கார் திரும்பும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கீழே பிளாஸ்டிக் கீச்சென்றது. தண்ணீர் கேட்டேன். காரை ஓட்டிய குமரன் போத்தலை என் கையில் கொடுக்கவில்லை. தன் பக்கத்து இருக்கையில் வைத்தார், நான் எட்டி எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். முந்தின வாரம் என் வயிற்றில் காது வைத்து, ஒன்றும் கேட்கவில்லை என்று சிரித்த தலை அது.

மல்லிகா அண்ணி நல்லவர். நல்லவர்கள்தான் இதையெல்லாம் செய்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். சமையலறைக்குப் பின்னால் சாமான் போடும் அறையில் கட்டில் போட்டிருந்தார். தனித் தட்டு, தனி டம்ளர். "கோச்சுக்காதம்மா. எங்க வூட்டுல காப்பு இல்ல, இருந்தாலும் அம்மா சொல்லிட்டாங்க."

அவர் மகள் ஷாலினிக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்திலோ மலாயிலோ பதில் சொல்லும் பிள்ளை. எனக்காகத் தமிழில் கேட்டாள். "மாமி, நீங்க பிரெக்னன்டா, பீரியடா? பிரெக்னன்டுன்னா அம்மா ஏன் தனி பிளேட்? பீரியடுன்னா ஏன் ஹார்லிக்ஸ்?"

வாயைத் திறந்து சரியான கேள்வி கேட்டது அந்த ஒரு பிள்ளைதான். "போய் ஹோம்வர்க் செய்" என்று அண்ணி அவளை விரட்டினார்.

ரத்தம் நின்றது. ஒரு நாள் கழித்து மறுபடி ஒரு கோடு. மறுபடி நின்றது. ஒவ்வொரு முறை கழிவறைக்குப் போகும்போதும் முதலில் கண்ணை மூடிக்கொள்வேன். பிறகு திறப்பேன். அந்த இடைவெளியில் நான் என்னென்ன பேரம் பேசினேன் என்பதை எழுத மாட்டேன்.

"கூடுதலா ஆச்சுன்னா யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க அண்ணி?" என்று கேட்டேன். அவர் கணவர் விடியுமுன் லோரி எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

"அப்டில்லாம் ஆவாது லா. அம்மன நெனச்சுக்க."

என் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஊரில் எங்கள் வீட்டில் இந்த வழக்கமெல்லாம் நின்று ரொம்ப நாளாயிற்று. ஒரு வார்த்தை எனக்காகப் பேசுவார் என்று நினைத்தேன். "அவங்க சொல்றபடி இரு. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா உன்னையத்தான் சொல்லுவாங்க" என்றார். ஆறுதல் அவ்வளவுதான். அதனால் இதை வாசித்துவிட்டு, மலேசியாவில் இன்னும் இப்படியா என்று அங்கே யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். என் சித்திக்கு மூன்றாம் மாதம் கலைந்தபோது தெருவே காரணம் சொன்னது, ஸ்கூட்டர் ஓட்டினாள் என்று. ஒரு டாக்டரிடமும் யாரும் கேட்கவில்லை. சித்தி ஸ்கூட்டரை விற்றார். இன்றுவரை வேலைக்குப் பேருந்தில்தான் போகிறார். அவரும் அதையே நம்புகிறார்.

6

ஸ்கேன் நாளன்று குமரன் வந்து அழைத்துப் போனார். பின் இருக்கையில் பிளாஸ்டிக் அப்படியே இருந்தது.

கிளினிக்கில் நர்ஸ் நம் பெண். "அப்பாவும் உள்ள வரலாம்" என்று அவரைப் பார்த்துச் சொன்னார். அவர் எழுந்தார். மணிக்கட்டைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். "நீ போ."

போனேன். டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறப் பரப்பில் கருப்பாய் ஒரு குழி, அதன் ஓரத்தில் அரிசி மாதிரி ஒன்று, அந்த அரிசிக்கு நடுவே ஒரு மினுக்கல். வேகமாக, விடாமல் மினுங்கியது. வாழ்நாளெல்லாம் முள் அசைகிறதா என்று பார்த்தே பழகிய கண்ணுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இது நான் அழுதேன் என்று எழுத வேண்டிய இடம். அழவில்லை. வெளியே நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்புதான் வந்தது.

கார் நிறுத்தத்தில் கேட்டார். "என்னா சொன்னாங்க?"

"காப்பு கட்டினவங்க இதெல்லாம் கேக்கலாமா?"

"வெளையாடாத லா. நல்லதா, கெட்டதா?"

"கயித்த அவுத்துட்டு வந்து கேளுங்க, சொல்றேன்."

கயிற்றின் மேல் அவர் விரல் போனது. பல்லால் கடித்தாலே அறுந்துவிடும் கயிறு. நான் காத்திருந்தேன். அவர் கார்க் கதவைத் திறந்தார், பின் கதவை.

உள்ளே போய் நர்ஸைக் கேட்டிருக்கலாம். மனைவியே சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று ஒரு பெண்ணிடம் காட்டிக்கொள்ள அவரால் முடியவில்லை. மல்லிகா அண்ணியிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தை வைத்து அவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்களோ, நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். கொடுமை என்றால் கொடுமைதான். பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் டாக்டர், நர்ஸ், நான். சாமான் அறையில், தனித் தட்டோடு, அந்தச் சில நாட்கள் அவள் எனக்கு மட்டும் பிள்ளையாக இருந்தாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் அப்படி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் தீ மிதித்தார். மஞ்சள் நீராட்டு முடிந்து, வெறும் மணிக்கட்டோடு சபாக்குக்கு வந்தார். காலில் கொப்புளம், நொண்டினார்.

"இப்ப சொல்லு."

"நெருப்புல நடந்தீங்களே, அங்க ஒண்ணும் சொல்லலியா?"

அவர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். "போயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் நடந்தேன்" என்றார்.

ஸ்கேன் படத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் அழுதார். அந்த அழுகை எனக்குப் போதவில்லை. இன்றுவரை போதவில்லை.

அன்றிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றியவர்கள் வரிசையாக வந்தார்கள். அத்தைக்கு, அம்மன். மாமனாருக்கு, சாயாத கரகம். மல்லிகா அண்ணிக்கு, தன் வீட்டு ஓய்வு. ராஜம்மா அக்காவுக்கு, நான் ஏறாமல் விட்ட ஆலைப் படிகள். டாக்டர் ஒருவர்தான் எதையும் உரிமை கொண்டாடவில்லை. ஏன் வந்தது, ஏன் நின்றது என்று அவருக்குத் தெரியாது, அதை அவர் மறைக்கவும் இல்லை. பிள்ளை போயிருந்தால் குற்றவாளி ஒருத்திதான். தங்கியதால் பங்குதாரர்கள் நிறையப் பேர்.

7

மகள் பிறந்தாள். இப்போது குப்புற விழப் பழகியிருக்கிறாள். மறுபடி ஆடி வந்தது. மாமனாருக்கு மறுபடி காப்பு. நான் சபாக்கில் கிடந்தபோது அத்தை கரும்புத் தொட்டில் நேர்ந்துகொண்டிருந்தாராம். இந்த முறையும் கரும்பு வந்து இறங்கிய பிறகுதான் எனக்குத் தகவல்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளிக்கப் போனேன். பார்த்தேன். டீத்தூள் பழுப்பு. பிரசவத்துக்குப் பிறகு முதல் மாதவிலக்கு.

கதவுக்கு வெளியே அத்தை தொட்டில் துணிக்கு மஞ்சள் நனைத்துக்கொண்டிருந்தார். "கரகம் கெளம்பப் போவுது, சீக்கிரம்மா!" அன்னதான பிளாஸ்டிக் சுருள் மாடிப்படிக்குக் கீழே தயாராக நின்றிருக்கும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், வெட்டிக் கொடுப்பார்கள்.

தலை துவட்டினேன். மஞ்சள் சேலை கட்டினேன். "ரெடி அத்தை" என்று வெளியே வந்தேன்.

கரும்பின் முன்பக்கம் என் தோளில், பின்பக்கம் குமரன் தோளில். நடுவே மகள் தூங்கினாள். கோயிலை மூன்று சுற்று சுற்றினோம். ஒவ்வொரு சுற்றிலும் சன்னிதிக்கு நேராக நின்றேன், அவசரப்படாமல். அத்தை குலவை போட்டார். கரகம் மாமனார் தலையில் ஆடாமல் இருந்தது. தீ மிதித்தவர்கள் எல்லா வருடமும் போல மிதித்து இறங்கினார்கள். எல்லாம் முடிந்ததும் அத்தை என் நெற்றியில் குங்குமம் வைத்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்குத்தாம்மா மனசு குளுந்துச்சு. இந்த வருசம் ஒரு கொறையும் இல்ல. சுத்தமா நடந்துச்சு."

"ஆமா அத்தை" என்றேன்.

குமரனிடமும் சொல்லவில்லை. இது அச்சில் வந்ததும் தெரிந்துகொள்ளட்டும். தெரியாமல் காத்திருப்பது அவருக்குப் பழக்கம்தான்.

திரும்பும்போது மகளைப் பின்னால் அவளுடைய இருக்கையில் வைத்துக் கட்டினோம். மிச்சப் பிளாஸ்டிக் சுருளை அவர் டிக்கியில் போட்டார். நான் முன்கதவைத் திறந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.